மலையும் கழுதையும்

நாற்பத்துநாலு வயதாகியும் வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணனுக்கும் அவளுக்கும் பதினாலு வயது வித்தியாசம். கல்யாணமாகி, இரண்டே வருடத்தில் அது சரிப்படாமல் போய், ஒற்றைப் பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள். "நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை" என்றார் அண்ணன். அன்றைக்கு அந்த வார்த்தை பசித்த வயிற்றுக்குச் சோறு மாதிரி இருந்தது.

அண்ணன் பேர்பெற்ற ஓவியர். மலைகளைத்தான் வரைவார். மலை, மலைக்குக் கீழே புல்வெளி, புல்வெளியின் ஓரத்தில் கோடு போல ஓர் ஆறு. வேறு எதையும் வரைய மாட்டார். "மனுஷ மூஞ்சியை வரைஞ்சா மூஞ்சிக்காரனே வந்து சண்டைக்கு நிப்பான். மலை நிக்காது" என்று, தான் பாடம் சொல்லும் கல்லூரியில் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஆறு வருடங்களுக்கு முன்பு அவருக்குக் கண்ணின் நடுப்பார்வை போயிற்று. ஓரமெல்லாம் தெரிந்தது; எதை நேராகப் பார்த்தாலும் யாரோ உள்ளங்கையை வைத்து மறைத்தது போல நடுவில் ஒரு சாம்பல் திட்டு. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அப்போது ஒரு பெரிய மலை பாதி வரைந்தபடி நின்றது. சின்ன வயதிலிருந்தே பாப்பாவுக்கும் வரைய வரும். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒண்ணை மட்டும் முடிச்சுக் குடுத்துடு பாப்பா. அப்புறம் மெதுவா எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம்" என்றாள். முடித்துக் கொடுத்தாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஒன்று பத்தாகி, பத்து நாற்பதாகி, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்ற நாள் மட்டும் வரவே இல்லை.

கையெழுத்து மட்டும் அண்ணனுடையது. படத்தின் வலது கீழ்மூலையில் அவர் விரலைக் கொண்டுபோய் அவள் வைப்பாள். பழகிய கை, தன் பாட்டுக்கு எழுதிவிடும். அதற்கு முன்னால், காய்ந்த சாயத்தின் மேல் விரல்நுனிகளை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். அவர் படம் பார்க்கிற விதம் அதுதான். பாப்பாவுக்கு இடதுகைப் பழக்கம். அவள் தூரிகைத் தீற்றல்கள் எல்லாம் அவருடையதற்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். "உன் மலையில எப்பவும் எதிர்க்காத்து அடிக்குது" என்பார். அதற்கு மேல் ஒரு குறையும் சொன்னதில்லை.

வரைகிற கூடத்துக்குப் பின்னால் ஒரு சாமான் அறை இருந்தது. படம் பார்க்க ஆட்கள் வந்தால் பாப்பா அதற்குள் போய்விட வேண்டும். கையில் சாயமும் நகத்தில் நீலமுமாக ஒரு பெண் உலாவினால் யாருக்கும் சந்தேகம் வரும் அல்லவா. ஒருமுறை வந்தவர் ஒருவர் குளியலறை என்று நினைத்து அந்தக் கதவைத் தள்ளிவிட்டார். நல்லவேளை, அண்ணி குறுக்கே பாய்ந்தாள். மறுநாள் வெளிப்பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு வந்தது. "தப்பா எடுத்துக்காத. பூட்டு தொங்கினா யாரும் திறக்க மாட்டாங்க. உன் அண்ணன் மானம் உன் கையிலதான் இருக்கு" என்றாள் அண்ணி. சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் பாப்பா என்றோ சண்டை போட்டுக் கிளம்பியிருப்பாள். அழுதுகொண்டே பூட்டுகிறவளை என்ன சொல்லித் திட்டுவது?

உள்ளே ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் புட்டி, மூலையில் மூடி போட்ட வாளி. இருமல் வந்தால் வாயில் துணியை அடைத்துக்கொள்ள வேண்டும். சில பேர் அரைமணியில் போவார்கள். சில பேர் உட்கார்ந்தால் மூன்று மணிநேரம். கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கும்.

"வயசாக ஆக உங்க மலை விரிஞ்சுக்கிட்டே போகுது சார். என்ன விசாலம். மூச்சு விட முடியுது."

சாமான் அறைக்குள் பாப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு இதைக் கேட்பாள். அவள் ஒரு மலையைக் கண்ணால் பார்த்து எட்டு வருடம் இருக்கும். அண்ணனுடைய பழைய கோட்டோவிய நோட்டுகள்தான் அவளுக்கு மலை.

அந்த அறையின் மேல்சுவரில் இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு ஜன்னல் இருந்தது. நாற்காலியில் ஏறி நின்றால் பின்பக்கத்துக் காலி மனை தெரியும். அங்கே செங்கல் சுமக்கிற ஒருவர் வேலை இல்லாத நேரத்தில் தன் கழுதையை மேய விடுவார். ஓடிவிடாமல் இருக்க முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரு முழக் கயிற்றால் கட்டியிருப்பார். கழுதை நடக்காது, இரண்டு முன்னங்காலையும் ஒன்றாகத் தூக்கித் தூக்கி வைத்துத் தத்தும். பாதி நேரம் அதுவும் இல்லாமல் சும்மா நிற்கும். மழை பெய்தாலும் நிற்கும், வெயில் அடித்தாலும் நிற்கும். காதை மட்டும் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் திருப்பும்.

முதலில் பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் அந்தக் காலிலிருந்து கயிறு கழன்று விழுந்துவிட்டதைப் பார்த்தாள். கழுதை அப்படியே நின்றது. அரைமணி கழித்து, பக்கத்தில் புல் தேடி, கட்டு இருப்பது போலவே இரண்டு காலையும் சேர்த்துத் தத்தியது.

அந்த வாரம்தான் அவள் களிமண் கேட்டாள்.

அவள் கேட்டது சாயக்கடைக்கார அம்மாவிடம். புதன்கிழமைதோறும் அண்ணன் கல்லூரிக்குப் பேசப் போவார், அண்ணியும் துணைக்குப் போவாள். அந்த ஒரு காலைப்பொழுது பாப்பா சாயம் வாங்க வெளியே போகலாம். கடைக்கார அம்மா பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய வாய். கணவர் இறந்த பிறகு தனியாளாகக் கடையை நடத்துகிறவள். ஆறு வருடமாக ஒரே கை சாயம் தேர்ந்தெடுப்பதைப் பார்ப்பவளுக்கு விஷயம் புரியாமலா இருக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், கடைக்காரியிடம் மறைக்க முடியாது. ஆனால் அவளாக எதையும் கேட்டதில்லை. களிமண்ணை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தபோது மட்டும், "மலைக்கு மண்ணு போதலையா?" என்றாள்.

எட்டு மாதம் ஆயிற்று. ஆட்கள் வந்து பூட்டு விழுகிற நேரமெல்லாம் கழுதை வளர்ந்தது. கம்பியால் எலும்பு, அதன்மேல் மண், ஒரு பெரிய நாயின் உயரம். சத்தம் வரக்கூடாது என்பதால் உளி கிடையாது, சுத்தியல் கிடையாது, கட்டைவிரல்தான் கருவி. யாராவது எட்டிப் பார்த்தால் என்று மேலே ஒரு சாக்கு. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. யார் வரவே கூடாது என்று இருந்தாளோ, அவர்கள் எப்போது வருவார்கள் என்று அந்த எட்டு மாதமும் காத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் புதிதாகக் கட்டிய பெரிய ஆஸ்பத்திரியின் முகப்புக் கூடத்துக்கு 'இயற்கை' என்ற பொருளில் ஒரு படைப்பு வேண்டும் என்று போட்டி அறிவித்தார்கள். அண்ணன் பேரில் ஒரு மலை போயிற்று. சுவரை அடைக்கிற அளவுக்குப் பெரிய மலை. பாப்பா சொல்லியிருந்த கழுதையை அனுப்பலாம் என்றது கடைக்கார அம்மா. நான்கு துண்டுகளாக வெட்டி நான்கு புதன்கிழமைகளில் பாப்பா கொண்டுபோய்க் கொடுக்க, அந்த அம்மா தெரிந்த பட்டறையில் சிமெண்டில் வார்த்து, தானே வண்டி வைத்து அனுப்பினாள்.

"பேரு என்ன போடட்டும்?"

"போட வேண்டாம். ஜெயிக்கவா போகுது. வெளிச்சமான இடத்துல ரெண்டு நாள் நிக்கட்டும், அது போதும்."

நாற்பது படைப்புகள் வந்து, கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு மிஞ்சின. மலையும் கழுதையும்.

மூன்று நடுவர்கள். தலைமை டாக்டர், கட்டடத்தைக் கட்டிய பொறியாளர், வெளியூரிலிருந்து வந்த, நரைமுடியை ஒட்ட வெட்டிய ஒரு சிற்பி அம்மா. பொறியாளர் மலைக்கு, சிற்பி கழுதைக்கு. தலைமை டாக்டர் மதில்மேல் பூனை. அவர்தான் அண்ணனுக்குப் போன் செய்தார். "நீங்களே போட்டியில இருக்கீங்கன்னு தெரியும் சார். ஆனா உங்க அளவுக்கு நேர்மையா வேற யாரு சொல்லப் போறாங்க? ரெண்டையும் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த இன்னொருத்தர் யாருன்னே தெரியல, வரவும் இல்ல."

மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்பார்கள். போய்த்தான் ஆக வேண்டும். வெளியே போகும்போதெல்லாம் நடப்பது போல, பாப்பாவும் கூடவே போனாள். தங்கை, உதவிக்கு வருகிறவள் என்று சொல்லிக்கொள்வார்கள். அண்ணனின் இடது முழங்கைக்குப் பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில் அவருக்குக் கண்ணாக இருப்பது அவள் வேலை.

முகப்புக் கூடத்தில் புதுச்சுவரின் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. ஒரு பக்கச் சுவரில் மலை. அதற்கு எதிரே தரையில், பீடம்கூட இல்லாமல், கழுதை. வெள்ளை உடுப்பில் நர்சுகளும், துடைப்பம் பிடித்த பெண்களும், நாற்காலி போட்டு முன்வரிசையில் அண்ணியும், ஓரமாகச் சாயக்கடைக்கார அம்மாவும். கழுதையைப் பாப்பா வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே இருந்தபோது அது இவ்வளவு சின்னதாகத் தெரியவில்லை.

அண்ணன் குனிந்து கேட்டார். "என்னது அது?"

"கழுதைண்ணா."

"எப்படி இருக்கு?"

"நின்னுட்டிருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

"எனக்குத் தெரியலண்ணா."

"உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்" என்று அவர் முணுமுணுத்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் ஆறு வருடம் காத்திருந்தாள். அது இந்த இடத்தில் வந்து விழுந்தது.

பொறியாளர் பேச ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரி வாசல்ல கழுதையை நிறுத்தினா, டாக்டரைத்தான் சொல்றோம்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும். பாதி உண்மைதானே" என்றார் தலைமை டாக்டர். நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சிரிப்புக்குச் சொல்லல. நோயாளி உள்ள வரும்போது மனசு விரியணும். மலையைப் பாருங்க, இயற்கைன்னா இதுதான்."

சிற்பி அம்மா மலைக்கு முன்னால் போய் நின்றாள். "காத்து இருக்கு, தூரம் இருக்கு, அழகும் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இதைப் பார்க்கிறவன் எங்க நிக்கிறான்? காலுக்குக் கீழ தரையே இல்லையே. மலைக்குப் போய்ப் பார்த்தவன் வரைஞ்ச மாதிரி இல்ல. எங்கேயோ அடைஞ்சு கிடக்கிறவன் வெளியை நினைச்சு நினைச்சு ஏங்கி வரைஞ்ச மாதிரி இருக்கு. மன்னிக்கணும் சார்." பிறகு கழுதையிடம் வந்தாள். "இதுல தூரமே கிடையாது. பத்தடிக்குள்ள நின்னு தினமும் பார்த்திருக்காங்க. முன்னங்காலைக் கவனிங்க. கயிறு இல்ல. ஆனா கயிறு கட்டி வளர்ந்த கழுதை. ரெண்டும் இயற்கையிலிருந்து வந்ததுதான். அது ஆசைப்பட்டது, இது தெரிஞ்சுக்கிட்டது."

துடைப்பம் பிடித்த பெண் ஒருத்தியிடம் தலைமை டாக்டர், "நீ என்னம்மா சொல்ற?" என்றார். அவள் தயங்கினாள். "மலையைப் பார்த்தா எந்திரிச்சு வெளிய போயிடணும்போல இருக்குங்க. இங்க படுத்திருக்கவங்களால அது முடியாதே. கழுதையைப் பார்த்தா பக்கத்துல கொஞ்சம் உக்காந்துக்கலாம்னு இருக்கு."

"நான் தொட்டுப் பார்க்கலாமா?" என்றார் அண்ணன்.

பாப்பா அவரைக் கூட்டிப்போனாள். அண்ணன் குனிந்து முதலில் காதைத் தொட்டார். பிடரி. முதுகு. விரல்நுனிகள் மெதுவாக விலாவுக்கு இறங்கின. கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அவள் மண் அப்பிய இடம் அது; நூறு நூறு பள்ளங்கள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தவை. விரல்கள் நின்றன. திரும்பவும் மேலே போய், இன்னொரு தடவை இறங்கின. அவர் முகம் பாப்பாவின் பக்கம் திரும்பியது. சாம்பல் திட்டுக்குள் அவள் முகம் இருந்திருக்காது. ஆனாலும் பார்த்தார்.

"இன்னொரு விஷயம்" என்றாள் சிற்பி அம்மா பின்னாலிருந்து. "அந்த விலாவுல இருக்கிற சாய்வு, மலையிலயும் இருக்கு. தற்செயலா என்னன்னு எனக்குப் புரியல."

அண்ணன் நிமிர்ந்தார். மேடைப்பேச்சுக்கு எழுந்தவர் போலச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"தற்செயல் இல்ல. ரெண்டும் நான் செஞ்சதுதான். பேரைப் பார்த்து முடிவு பண்ணக்கூடாதுன்னு பேர் போடாம அனுப்பினேன்."

கைதட்டல் எழுந்தது. தலைமை டாக்டர் ஓடிவந்து கையைக் குலுக்கினார். "நானும் என்னடான்னு பார்த்தேன்" என்று பொறியாளர் அசடு வழியச் சிரித்தார். அண்ணி எழுந்து நின்று தட்டினாள். அவளுக்கு அது பொய் என்று தெரியுமே தவிர, எந்தப் பொய் என்று தெரியாது. சாயக்கடைக்கார அம்மா மட்டும் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பாப்பாவையே பார்த்தாள்.

பாப்பாவுக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று தெரிந்தது. அதற்குப் பதிலாக, சாமான் அறையின் கதவு இவ்வளவு பெரிய கூடத்திலும் தன் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது போல இருந்தது. ஒன்று இருந்தது அவளுடையது என்று சொல்ல. இனி அதுவும் இல்லை. வீட்டுக்குப் போனதும் களிமண் மூட்டை மூட்டையாக வரும். "அடுத்து ஒரு மாடு செய்யேன் பாப்பா" என்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள்.

"அப்ப முடிஞ்சது. கழுதையே இருக்கட்டும்" என்றார் தலைமை டாக்டர். "செஞ்சவர்னு இங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்க சார்." மேசையில் தாளை வைத்துப் பேனாவை நீட்டினார்.

அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டு, இடது முழங்கையைக் கொஞ்சம் விலக்கினார். அது பழைய சைகை. விரலைக் கொண்டுபோய் வை என்று அர்த்தம்.

பாப்பாவின் கை போகவில்லை. அவளே அது போகும் என்று எதிர்பார்த்து நின்றாள். நாற்பது படங்களுக்குப் போன கை, பாங்க் தாள்களுக்குப் போன கை. போகவில்லை.

"பாப்பா" என்றார் மெதுவாக.

அவர் தானாகவே பேனாவை இறக்கினார். அது தாளைத் தாண்டி மேசை விரிப்பில் பட்டது. தன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை அந்தத் துணியில் எழுதினார். துணி என்று விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்தினார்.

"அவர் கையைப் பிடிச்சு விடேன் பாப்பா" என்றாள் அண்ணி. மெல்லச் சொல்வதாக நினைத்துச் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

சிற்பி அம்மா மேசைக்கு வந்தாள். விரிப்பைப் பார்த்தாள், அவர் கண்களைப் பார்த்தாள். "சார், உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

அண்ணன் பேனாவை மூட முயன்று முடியாமல் கீழே வைத்தார். "ஆறு வருஷம் ஆச்சு" என்றார்.

"அப்ப இந்த மலை?"

அவர் தங்கை நிற்கிற பக்கம் என்று நினைத்து ஒரு தூணைப் பார்த்துத் திரும்பினார். "அவளைக் கேளுங்க" என்றார்.

கூடத்தில் இருந்த அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பின. பாப்பாவுக்கு வாயில் துணி அடைத்திருப்பது போலவே இருந்தது. இருமுவதற்குக்கூடப் பயமாக இருந்தது. "ரெண்டும் நான்தான்" என்றாள். குரல் வரவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னாள். பிறகு இடதுகையால் பேனாவை எடுத்து, தாளில், கோட்டின் மேல், ஆறு வருடமாக எங்கேயும் எழுதாத தன் பெயரை எழுதினாள்.

நடந்தது இவ்வளவுதான். நடந்த பிறகு ஆனதுதான் நீளம். ஏமாற்று வேலை என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கூட்டம் போட்டு, கழுதை இருக்கட்டும், மலை திரும்பிப் போகட்டும் என்று முடிவானது. கல்லூரியில் அண்ணனுக்கு ஓய்வு என்று சொல்லி மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். மலை வாங்கியவர்களில் சிலர் திட்டிப் போன் செய்தார்கள். ஒருவர் மட்டும், படத்தின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்டார்.

கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் மூவரும் ஒரே வண்டியில்தான் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணி நேராகப் போய்ச் சாமான் அறைக் கதவைத் திறந்து, நாற்காலியையும் வாளியையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, "போ. எங்க வேணும்னாலும் போ. நான் உன்னைப் பூட்டி வச்சேன்னு ஊரே சொல்லட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பாப்பா பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

சாயக்கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. பகலில் கடையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவாள். மற்ற நேரம் அறையில் இருப்பாள். மூன்று ஜன்னல்கள், எல்லாம் திறந்தே இருக்கும். கடைக்கார அம்மா மண்ணும் கொடுத்தாள், துணியும் சட்டமும் கொடுத்தாள். நான்கு மாதம் ஆகியும் ஒரு கோடு வரவில்லை. கதவைத் திறந்து வைத்தால் யாரோ வந்துவிடுவார்கள் என்று தூரிகையைக் கீழே வைத்துவிடுவாள். சாத்தி வைத்தால், யாராவது வெளியே தாழ் போடுகிற சத்தத்துக்குக் காது காத்திருந்தது. "உக்காந்தா எந்திரிக்கிற, எந்திரிச்சா உக்கார்ற. உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா இப்ப?" என்று அந்த அம்மா கேட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. எடுத்தால் பேச்சு இல்லை, மூச்சு மட்டும்.

"அண்ணா?"

"நாலு தடவை தப்பு நம்பருக்குப் போயிடுச்சு. ஒருத்தன் திட்டினான்." கொஞ்சம் நிறுத்தி, "என்ன பண்ணிட்டிருக்க?" என்றார்.

"ஒண்ணும் பண்ணலண்ணா. நீங்க?"

"நானும் சும்மாதான்."

கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்தார்கள். அது ஓய்ந்ததும் அவர் கேட்டார்.

"கோபமா?"

"ஆமா."

"இருக்கட்டும். இருக்கணும்" என்றார். "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னேன்னு யோசிச்சுப் பார்க்கிறேன் பாப்பா. ரெண்டு கையும் ஒண்ணுன்னு அந்தச் சிற்பியம்மா கண்டுபிடிச்சுட்டாங்களேன்னு பயம். அது நிஜம். ஆனா அது மட்டும் இல்ல. தொட்டப்போ, இதை நான் செஞ்சிருக்கக் கூடாதான்னு இருந்தது. சொல்லிட்டா என்னோடது ஆயிடும்னு இருந்தது."

"அண்ணி எங்க?" என்று கேட்டாள் பாப்பா.

"அடுத்த ரூம்ல. கேட்டுட்டுத்தான் இருக்கா."

கீழேயிருந்து கடைக்கார அம்மா கூப்பிட்டாள். பாப்பா போனைக் கையால் மூடிக்கொண்டு "வரேன்" என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் அவரும் போனை வைக்கவில்லை.